உங்களுக்குத் தெரியுமா? படகில் ஓர் ஒற்றைக்காலி!

நான்கு கால் இருந்தால் நாற்காலி, மூன்று இருந்தால் முக்காலி. அமெரிக்க ஏரிகளில் தூண்டில் போடப் போகும் சின்னப் படகுகளில் இருப்பதோ ஒற்றைக்காலி. அங்கே ‘பெடஸ்டல் சீட்’ என்கிறார்கள். சலூன் நாற்காலியை இளைக்க வைத்துப் படகில் நட்டதுபோல இருக்கும். உட்கார்ந்தபடியே ஒரு முழுச் சுற்றுச் சுற்றலாம். இதை வாங்குவதில் இவ்வளவு சங்கதி இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம்தான்.

● ‘பாஸ்’ மீன் பிடிப்பதற்கென்றே கட்டப்பட்ட முதல் படகு என்று பலரும் சொல்வது ‘ஸ்கீட்டர்’. லூசியானா மாநிலம் ஷ்ரீவ்போர்ட்டில் ஹோம்ஸ் தர்மண்ட் என்பவர் 1948-ல் கட்டியது. அதற்கும் முன்பே, 1934-ல், வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் ஓ.ஜி. ஷ்மிட் சத்தமில்லாமல் நகர்த்தும் மின்மோட்டாரைச் செய்துவிட்டார். மின்னசோட்டா, டகோட்டா இரண்டு பெயரையும் ஒட்டவைத்து ‘மின் கோட்டா’ என்று அதற்குப் பெயர். பிற்பாடு அந்த மோட்டாரைக் காலாலேயே திருப்பும் பெடலும் வந்தது. ஒரு கால் பெடலில், இரண்டு கையும் தூண்டிலில் என்று நாள் முழுக்க நிற்பவருக்குப் பின்பக்கம் முட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டாமா? படகின் முகப்பில் சைக்கிள் சீட் மாதிரி உயரமாக நிற்கும் குட்டி இருக்கை அதற்குத்தான். அதில் முழுசாக உட்காருவதில்லை, சாய்ந்துகொள்வதுதான்.

● கடைக்குப் போனதும் எல்லோரும் முதலில் மெத்தையை அமுக்கிப் பார்க்கிறார்கள். டெக்சஸில் இருக்கும் என் அத்தானும் அப்படித்தான். பதினான்கு அடி அலுமினியப் படகுக்கு, பார்த்தாலே தூக்கம் வருகிற மாதிரி ஒரு மெத்தை இருக்கை வாங்கிப் பழைய தண்டின் மேலேயே மாட்டினார். இரண்டாம் நாள் தூண்டிலைச் சுண்டித் திரும்பினாராம். இருக்கை, அதைத் தாங்கும் தண்டு, தண்டைத் தளத்தில் பிடித்திருக்கும் அடித்தட்டு மூன்றும் ஒன்றாகச் சாய்ந்தன. நல்லவேளை, விழுந்தது படகுக்குள். தளத்துக் கம்பளத்தை உரித்துப் பார்த்தால், திருகுகள் பிடித்திருந்த ப்ளைவுட் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி விரலோடு வந்தது. திருகின் மரைக்குள் கறுப்பாக மரத்தூள். புது இருக்கைக்குக் கொடுத்த காசில் பாதியைத் தளத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

● இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. இருக்கை 75 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். உட்கார்ந்தவர் உடம்பு அடித்தட்டின் விளிம்புக்கு மேலே வரும்வரை சாய்ந்திருக்கும்போது, அலை ஒன்று 20 கிலோ அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளுகிறது. எதிர் ஓரத்துத் திருகுகள் அந்த விளிம்பிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருந்தால், அவற்றை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை 75 கிலோ! கடப்பாரை போட்டு ஆணி பிடுங்குகிற அதே கதைதான். அகலமான தட்டும் குட்டையான தண்டும் இருந்தால் பாதிக் கவலை போயிற்று.

● மரத்திருகு போட்டுத் தளத்தோடு நிறுத்திக்கொள்வது அரைக்கிணறு தாண்டுகிற வேலை. தளத்தை ஊடுருவும்படி போல்ட் இறக்கி, தளத்துக்கு அடியில் ஓர் உலோகத் தகடு கொடுத்து, வாஷரும் பூட்டு நட்டும் போட்டு இறுக்க வேண்டும். அடியில் கைவிட இடமில்லாத படகுகளில்தான் தகராறு. அங்கே தளத்தைத் திறக்காமல் குறுக்கு வழி தேடாதீர்கள்.

● மரம் உளுக்காமல் இருக்கச் செம்பு கலந்த மருந்து ஏற்றிய பலகைகள் கிடைக்கின்றன. வீட்டு வேலிக்கு அருமை. அலுமினியப் படகுக்கு மட்டும் ஆகாது! ஈரத்தில் அந்தச் செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்தால் ஏறக்குறைய அதே பகைதான். நடுவே பிளாஸ்டிக் வாஷரோ சீலண்ட் பூச்சோ கொடுப்பார்கள். கடலோரம் படகு விடுபவர்கள் ஸ்டெயின்லெஸ்ஸில் 304 ரகத்தை விட்டுவிட்டு 316 ரகம் கேட்டு வாங்குவது இதே உப்புக்குப் பயந்துதான்.

● தண்டு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றில் ஒன்று சேராது. 2-7/8 அங்குலத் தண்டு ஒரு ரகம், 2-3/8 அங்குலம் இன்னொன்று, முக்கால் அங்குலக் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் ‘பின்’ வகை வேறொன்று. இருக்கைக்கு அடியில் இருக்கும் நான்கு துளைகள் மட்டும் பெரும்பாலும் ஒரே கணக்கு: ஐந்து அங்குலச் சதுரம். அதனால் மெத்தையை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். தண்டையும் அடித்தட்டையும் ஒரே கம்பெனியில் ஒரே வரிசையில் வாங்குங்கள்.

● உட்கார்ந்தால் கடகடவென்று ஆடுகிறதா? தண்டைக் குறை சொல்லாதீர்கள். அடித்தட்டின் குழிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருக்கலாம். அது சில்லறைச் சாமான்.

● இருக்கைகளுக்குத் தரம் பிரித்திருக்கிறார்கள். ஏ.பி.ஒய்.சி. என்ற அமெரிக்க அமைப்பின் ஹெச்-31 விதியில் ஏ, பி, சி என மூன்று வகை. படகு ஓட்டுபவர் இருக்கைக்குத் தேவைப்படுவது, சோதனை கடுமையான ‘ஏ’. ‘சி’ என்றால் படகு மணிக்கு 5 மைலுக்கு மேல் போகும்போது அதில் யாரும் உட்காரக் கூடாது. முகப்பில் நிற்கும் உயர இருக்கையில் கால்மேல் கால் போட்டுப் படகை விரட்டுபவர்கள் படத்துக்குப் போஸ் கொடுக்கலாம், தண்ணீரில் வேண்டாம்.

● மெத்தையையும் சும்மா விடக் கூடாதுதான். உள்ளே சட்டம் ப்ளைவுட்டாக இருந்தால் உளுக்கும்; வார்ப்புப் பிளாஸ்டிக் நல்லது. ஸ்பாஞ்ச் சாதாரண ரகமாக இருந்தால் மழை பெய்த மறுநாளும் வேட்டி நனையும். துளைகள் மூடிய ரகம் தண்ணீர் குடிக்காது, ஆனால் கொஞ்சம் கெட்டி. வெயிலில் கிழிவது பெரும்பாலும் ரெக்சின் அல்ல, தையல். பருத்தி நூல் என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

● நம் கட்டுமரத்தில் இருக்கையே கிடையாது. கட்டையோடு கட்டையாக உட்காருவதால் உடம்பின் கனம் தண்ணீர் மட்டத்தை ஒட்டியே இருக்கும். ஒற்றைக்காலி அதற்கு நேரெதிர்: உயர உயரப் படகு கவிழப் பார்க்கும். 1972 நவம்பரிலிருந்து கட்டப்பட்ட, 20 அடிக்குட்பட்ட பெரும்பாலான அமெரிக்க மோட்டார் படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று சொல்லும் தகடு இருக்கும். நான்கு இருக்கை மாட்ட இடம் இருக்கிறது என்பதால் நான்கு பேர் ஏறலாம் என்று அர்த்தம் இல்லை. தகடு சொல்வதே கணக்கு.

● 2023-ல் அமெரிக்காவில் உல்லாசப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். சாவுக்குக் காரணம் தெரிந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் நீரில் மூழ்கியவர்கள். அப்படி மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் உயிர்காப்பு ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. பல படகுகளில் அந்த ஜாக்கெட் தொங்குவது இருக்கையின் முதுகில். தயவுசெய்து அதை எடுத்து உங்கள் முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள்.