ஹெட்டை மூடுமுன் அளந்து பாருங்கள்

எஞ்சினைப் பிரித்துப் போட்டதும் வாகனக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "பாஸ், எந்தக் கம்பெனி பிஸ்டன் போடப் போறீங்க?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. பெட்டியில் எந்தப் பெயரையும் யாரும் அச்சடித்துவிடலாம். உள்ளே இருக்கும் பிஸ்டனின் தலை, அதைத் தாங்கும் 'பின்' (pin) துவாரத்துக்கு மேல் எத்தனை மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த எஞ்சின் ஓடும்.

கொத்மலைப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் என்னிடம் வருபவை பெரும்பாலும் இரண்டு வகை எஞ்சின்கள். கொழுந்தும் மரக்கறியும் ஏற்றுகிற இசுசு எல்ஃப் லொறிகளின் 4ஜேபி1 ஒன்று. 'டொல்பின்' என்று நாடே கூப்பிடும் டொயோட்டா ஹையேஸ் வேன்களின் 3எல் மற்றது. எல்லாம் வயதானவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அத்தனை காலமும் இருப்பதைப் பிரித்துச் செய்து ஓட்டுவதைத் தவிர இங்கே வேறு வழி இருக்கவில்லை. 2022 ஜூனில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாய்க்கு ஏறியபோது, எரியாமல் புகையாகப் போன ஒவ்வொரு சொட்டும் அரிசிக் காசு. அதனால்தான் இதை மெக்கானிக்குகளுக்கு மட்டும் சொல்லாமல் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றை நசுக்கினால் அது கொதிக்கும். அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால் தானே பற்றும். ருடோல்ஃப் டீசல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் 1897இல் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் அடிப்படையும் இந்த நசுக்கல்தான். பிஸ்டன் அடியில் நிற்கும்போது அதற்கு மேலிருக்கும் மொத்த இடத்தை, உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடத்தால் வகுத்தால் கிடைப்பது அமுக்க விகிதம். பெற்றோல் எஞ்சினில் அது பத்தை ஒட்டி நிற்கும். 4ஜேபி1இல் சுமார் 18. 3எல்லில் 22.2.

18 என்றால் எவ்வளவு? 4ஜேபி1இன் சிலிண்டர் துளை 93 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 102. கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டருக்கு 693 சிசி. அவ்வளவு காற்றும் கடைசியில் அடங்க வேண்டிய இடம் 41 சிசிதான். மூன்று மேசைக்கரண்டிக்கும் குறைவு. இந்தச் சின்ன இடத்தில் நாம் செய்யும் எந்தப் பிழையும் பெரிதாகத் தெரியும். பிளாக்குக்கும் அதன் மேல் மூடும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் கேஸ்கட் அரை மில்லிமீற்றர் தடித்தால் போதும், 18 என்பது 16.7க்கு இறங்கிவிடும். 3எல்லில் மிஞ்சும் இடம் இன்னும் சிறியது. அங்கே 0.1 மில்லிமீற்றரே 22.2ஐ 21.7 ஆக்கும்.

பிஸ்டன் தேர்வுக்கு வருகிறேன். துளை அளவை மட்டும் சொல்லி பிஸ்டன் வாங்கக் கூடாது. இசுசுவின் 4ஜேஏ1க்கும் துளை 93தான். ஆனால் தூரம் 102 அல்ல, 92. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் போய் "93 பிஸ்டன் செட்" என்று கேட்டால் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. இந்த இசுசு எஞ்சின்களில் டீசல் எரிவது பிஸ்டன் தலையில் வெட்டியிருக்கும் கிண்ணத்துக்குள். கிண்ணத்தின் கொள்ளளவு மாறினால் விகிதமும் மாறும். பழைய பிஸ்டனையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மருந்து ஏற்றும் சிரிஞ்சால் இரண்டு கிண்ணத்திலும் மண்ணெண்ணெய் நிரப்பிப் பார்ப்பேன். எத்தனை சிசி பிடிக்கிறது என்று பெட்டி சொல்லாது, சிரிஞ்ச் சொல்லும். பின் துவாரத்திலிருந்து தலை வரையுள்ள உயரம், நான்கின் எடை, மேல் ரிங் பள்ளத்தில் இரும்பு வளையம் பதித்திருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

3எல்லில் கதை வேறு. அங்கே எரியும் அறை ஹெட்டுக்குள் இருக்கிறது. பிளாக்கின் துளையை ரீபோர் செய்து பெரிதாக்கி 0.50 மில்லிமீற்றர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாலும் விகிதம் 22.2இலிருந்து 22.4க்குத்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. 4ஜேபி1இல் ரீபோர் என்ற பேச்சே வராது. மெல்லிய லைனரைக் கழற்றிப் புதியது போடுவதுதான் முறை.

உண்மையான வில்லங்கம் லேத் பட்டறையில் பிளாக்கின் முகத்தைச் சீவும்போது தொடங்குகிறது. வேறொரு கராஜில் எஞ்சின் செய்த கொழுந்து லொறி ஒன்று என்னிடம் வந்தது. காலையில் வெள்ளைப் புகை, கண்ணை எரிக்கும் பச்சை டீசல் நாற்றம், இறக்கத்தில் தள்ளிவிட்டால்தான் ஸ்டார்ட். ஹெட்டைக் கழற்றினால் இரண்டு கேஸ்கட் ஒன்றன்மேல் ஒன்று. பிளாக்கைச் சீவியதால் பிஸ்டன் ஹெட்டில் தட்டிவிடும் என்ற பயத்தில் செய்த வேலை. டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். பிஸ்டன் கூடுதலாக எழும்பியிருந்தது 0.1 மில்லிமீற்றர் மட்டுமே. அதற்கு அவர்கள் கொடுத்த இடமோ ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர். விகிதம் 15க்கும் கீழே போயிருந்தது. உரிய தடிப்பில் ஒற்றைக் கேஸ்கட் போட்டதும் அந்த லொறி சாவியைத் திருப்பியவுடன் பிடித்தது. அளக்க எடுக்கும் நேரம் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம்.

அளக்கும் விதம் இதுதான். கேஜை பிளாக்கின் முகத்தில் வைத்துப் பூச்சியமாக்கி, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பின் போகும் கோட்டின் இரு முனையிலும் தொட்டு சராசரி எடுக்க வேண்டும். வேறு இடத்தில் தொட்டால் பிஸ்டன் ஆடிப் பொய் சொல்லும். நான்கையும் அளந்து, மிக உயரமாக நிற்பதற்கு ஏற்ற கேஸ்கட்டை எடுக்க வேண்டும். டொயோட்டா இதற்காகவே பி, டி, எஃப் என்று மூன்று தடிப்பில் கேஸ்கட் செய்கிறது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 0.1 மில்லிமீற்றர் வித்தியாசம்.

"ரம்பொடை ஏத்தம் இழுக்கணும் பாஸ், கொஞ்சம் கம்ப்ரெஷனைக் கூட்டி விடுங்க" என்று கேட்பவர்களும் உண்டு. நான் செய்ய மாட்டேன். விகிதத்தை ஒன்றிரண்டு கூட்டினால் இழுவையில் கிடைப்பது அற்பம். உச்ச அழுத்தமோ ஏறிவிடும். முதலில் கேஸ்கட், பிறகு பேரிங், கடைசியில் ஹெட் வெடிப்பு. ஏற்றத்தில் கறுப்புப் புகை தள்ளுவது காற்றுக் குறைவால். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்துக் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கே இல்லை. குறைந்த காற்றுக்குக் குறைந்த டீசல் என்று பம்பைச் சீர் செய்வதுதான் வைத்தியம்.

இதே காரணத்தால் கம்ப்ரெஷன் கேஜும் மலையில் குறைவாகத்தான் காட்டும். புது 3எல் கடலோரத்தில் சதுர சென்டிமீற்றருக்கு 32 கிலோ காட்டினால் நுவரெலியாவில் 26ஐ ஒட்டித்தான் காட்டும். கொழும்பு அளவை மனதில் வைத்து நல்ல எஞ்சினைப் பிரித்துப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். டொயோட்டா சொல்லும் அடிமட்டம் 20. நான்கு சிலிண்டருக்கும் இடையே 5க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கி நின்றால் அவசரப்பட்டு ஸ்பானரை எடுக்காதீர்கள்.

வாகனம் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எஞ்சின் செய்யக் கொடுத்தால், ஹெட்டை மூடுவதற்கு முந்திய நாள் கராஜுக்குப் போங்கள். நான்கு பிஸ்டனும் எவ்வளவு எழும்பி நிற்கின்றன, எந்தத் தடிப்புக் கேஸ்கட் போடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. அளந்து செய்கிற பாஸ் அதைத் தயங்காமல் எழுதித் தருவார்.