உடைந்த போல்ட் யாருடைய கணக்கில்?

2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரிச்சுமையினால் புதிய கார் இன்றும் பலருக்கு எட்டாக் கனிதான். எனவே இருபது, முப்பது வருடப் பழைய கார்கள் தொடர்ந்தும் வீதியில் ஓடுகின்றன. சிறிய கராஜ்களுக்கு இது வருமானம். ஆனால் கூலி பேசும்போது கணக்கில் வராத சில வேலைகள் அந்த வருமானத்தைத் தின்றுவிடுகின்றன. அவற்றுள் ஒன்று, துருப்பிடித்த சைலன்சர் போல்ட்டைக் கழற்றுவது.

ஒரு மணித்தியால வேலை என்று சைலன்சரை மாற்றக் கூலி பேசுகிறோம். போல்ட் ஒன்று உடைந்தால் அரை நாள் போய்விடுகிறது. மேலதிக நேரத்துக்குக் காசு கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுழிக்கிறார். கேட்காவிட்டால் நட்டம் நமக்கு.

ஏன் இப்படி இறுகுகிறது?

இரும்பு துருவாக மாறும்போது முன்னரைவிட அதிக இடத்தைப் பிடிக்கிறது. மரைகளுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளியைத் துரு அடைத்துக்கொள்கிறது. சைலன்சர் போல்ட்டோ தினமும் கடுமையாகச் சூடாகி ஆறுகிறது, மழைநீரிலும் நனைகிறது. காத்தான்குடி, கல்முனை, பேருவளை போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது.

அவசரம் கூடாது

நீண்ட பைப்பைப் போட்டு ஒரே மூச்சில் திருப்புவதே போல்ட் உடைய முதற்காரணம். வாகனத்தை முதல் நாளே வரவழைத்து, சைலன்சர் ஆறிய பின் மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஒயிலை அடித்து வையுங்கள். மறுநாள் மீண்டும் ஒருமுறை அடியுங்கள். பன்னிரண்டு முனை சொக்கட் துருவேறிய தலையை வழுக்கிவிடும்; ஆறு முனை சொக்கட்டையே பாவிக்க வேண்டும். முதலில் சற்று இறுக்கி, பின்னர் தளர்த்தி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுப்பதே நல்லது.

அதற்கும் அசையாவிட்டால் சூடுதான் மருந்து. 10 மில்லிமீற்றர் துளையுள்ள நட் 500 பாகை சூடேறினால் அத்துளை ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றர் விரிகிறது. அது ஒரு தலைமயிரின் தடிப்பளவே. ஆயினும் துருவின் பிடியை உடைக்க அது போதும். சூடு நட்டுக்குப் போக வேண்டும், போல்ட்டுக்கு அல்ல. நெருப்பைப் பிடிக்க முன்னர் ஒயிலைத் துடைத்துவிடுங்கள். பெற்றோல் குழாய், வயர், ரப்பர் ஆகியவற்றை மறைத்து, தீயணைப்புக் கருவியைப் பக்கத்தில் வையுங்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் ஒருபோதும் சூடு காட்டக்கூடாது. அதன் சில வகைகளிலிருந்து நச்சு வாயு வெளிவரும். கண்ணாடி அணியாமலும், ஸ்டாண்ட் வைக்காமல் ஜெக்கை மட்டும் நம்பியும் வாகனத்துக்குக் கீழே போகாதீர்கள்.

பைப்பையும் சேர்த்து மாற்றுவதாயின் நட்டைக் காப்பாற்ற முயல்வது வீண். கிரைண்டரால் வெட்டி எறிவதே இலாபம்.

உடைந்துவிட்டால்

எஞ்சின் ஹெட்டில் ஸ்டட் உடைந்து சிறு முனை வெளியே நின்றால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்பலாம். வெல்டிங்கின் சூடே துருவை இளக்க உதவும். அதற்கு முன்னர் பற்றரியைக் கழற்றிவிட வேண்டும். முனையே இல்லாவிட்டால் நடுப்புள்ளி பார்த்துத் துளையிட வேண்டும். துளை விலகினால் அலுமினிய ஹெட்டின் மரை பழுதாகி, லேத் வேலை வரை போகலாம்.

கூலி பேசும் முறை

வாகனத்தைத் தொட முன்னரே இரண்டு கணக்குச் சொல்லுங்கள்: போல்ட் ஒழுங்காகக் கழன்றால் இவ்வளவு, உடைந்தால் இவ்வளவு. துருவைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள். இரண்டு தொகையையும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் எழுதி அவரது ஒப்பத்தையும் பெறுங்கள். இப்படிச் செய்தால் பின்னர் தர்க்கத்துக்கு இடமிராது.

மீண்டும் பூட்டும்போது பழைய போல்ட்டைப் பாவிக்காதீர்கள். செம்புப் பூச்சு நட்டும், மரையில் சூடு தாங்கும் கிரீஸும் போடுங்கள். அடுத்த முறை அதே வாகனம் வரும்போது அதன் பயன் தெரியும்.

வாகன உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. மிகக் குறைந்த கூலி கேட்பவர் அவசரத்தில் உடைக்கவும் கூடும், ஒரு போல்ட்டை விட்டுவிட்டுப் பூட்டவும் கூடும். சைலன்சர் ஒழுகினால் புகைப் பரிசோதனையில் சிக்கல் வரும். அதைவிட மோசமானது, மணமற்ற காபனோரொக்சைட்டு காருக்குள் புகுவது. அது உயிரையே பறிக்கும். சரியான வேலைக்குச் சரியான கூலியைக் கேட்பதும் கொடுப்பதும் இரு தரப்புக்கும் நல்லது.