எடை போட்டுக் குப்பை வாங்கும் ஊர்

வியாபாரிக்குத் தராசு புதிதல்ல. ஆனால் மிச்சச் சோற்றையும் அழுகிய கீரையையும் தராசில் ஏற்றி, அதைப் போடுகிறவரிடமே காசு வாங்கும் தேசம் ஒன்று இருக்கிறது. தென் கொரியாவில் வேலை நிமித்தம் இரண்டு ஆண்டு தங்கியிருந்த என் தங்கை மகன் இதைச் சொன்னபோது நான் முதலில் நம்பவில்லை.

அங்கே பல அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில் ஒரு பெட்டி நிற்கிறது. வீட்டுக்காரர் தம் அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும். உணவுக் கழிவைக் கொட்டியதும் எடையைப் பெட்டியே சொல்லும். மாதக் கடைசியில் பராமரிப்புக் கட்டணத்தோடு அந்தக் கணக்கும் வந்து சேரும். பெட்டி இல்லாத பல தெருக்களில், இதற்கென்றே விற்கும் பையைக் கடையில் வாங்கி, அதில் கட்டித்தான் வாசலில் வைக்க வேண்டும். அள்ளும் கூலி பையின் விலையிலேயே அடக்கம்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. தலைநகர் சியோலின் குப்பையை நான்ஜிடோ என்ற இடத்தில் கொட்டிக் கொட்டி, 1993ல் அதை மூடியபோது ஏறக்குறைய 100 மீட்டர் உயர மலையாக நின்றது. 1995ல் பொதுக் குப்பைக்கு அளவுக்கேற்ற கட்டணம் வந்தது. 2005ல் உணவுக் கழிவை நேரடியாக மண்ணில் புதைக்கத் தடை விழுந்தது. அதிலிருந்து வடியும் நீரைக் கடலில் கொட்டி வந்தார்கள். 2013ல் அதற்கும் தடை. உணவுக் கழிவுக்கு அளவுக்கேற்ற கட்டணம் நாடெங்கும் வந்ததும் அதே ஆண்டில்தான். 1990களின் நடுவில் மறுபயனுக்குப் போனது மிகச் சொற்பம். இன்று நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தீவனமாகவும் உரமாகவும் எரிவாயுவாகவும் மாறுகிறது.

இதில் என் மனதைத் தொட்டது ஈரத்தைப் பற்றிய விஷயம். உணவுக் கழிவின் எடையில் பெரும்பங்கு தண்ணீர். எடைக்குக் காசு என்றானதும் வீட்டுப் பெண்கள் நீரை வடித்துவிட்டுக் கொட்டத் தொடங்கிவிட்டார்கள். யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஈரச் சரக்கு வந்தால் நாம் எடையில் கழிவு பிடிப்பதில்லையா, அதே புத்திதான்.

இன்னொன்று. வெங்காயத் தோல், பூண்டுத் தோல், முட்டை ஓடு, எலும்பு, நண்டு ஓடு, தேயிலைச் சக்கை ஆகியவை அங்கே உணவுக் கழிவில் சேராது. கால்நடை தின்னத் தகாதது பொதுக் குப்பைக்குப் போக வேண்டும். வெங்காய மண்டியில் 40 ஆண்டு உட்கார்ந்தவன் என்பதால் இதை இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

குறையும் உண்டு. கொரியர் சாப்பாட்டில் உப்பு அதிகம்; அந்த உப்பு உரத்திலும் ஏறிவிடுகிறது. 2019ல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது மிச்ச உணவைப் பன்றிக்குப் போடுவதற்கும் கட்டுப்பாடு வந்தது.

நம் கதைக்கு வருகிறேன். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்துத் தர வேண்டுமென 2016ல் மத்திய அரசு விதி செய்தது. எங்கள் சந்தையிலும் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி வைத்தார்கள். கடைப் பையன்கள் ஒழுங்காகப் பிரித்தார்கள். விடியற்காலை வந்த லாரி இரண்டையும் ஒன்றாகக் கவிழ்த்துக்கொண்டு போயிற்று. மூன்றாவது வாரம் பையன்களும் விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வீடு எடை போட்டால் ஜனங்கள் அளந்து வாங்குவார்கள், நம் விற்பனை குறையும் என்று நண்பர் ஒருவர் பயந்தார். குறையலாம், மறுக்கவில்லை. ஆனால் அழுகிப்போன சரக்கை நானே ஒரு மழை மாதம் முழுதும் எடை போட்டு நோட்டில் எழுதிப் பார்த்தேன். கடை வாடகையைவிட அந்த நஷ்டம் பெரிது. அதுவரை எனக்கே தெரியாது.

அடுத்த பொதுக்குழுவில் நான் கேட்கப் போவது ஒன்றுதான். அபராதத்தையும் கட்டணத்தையும் பற்றிப் பேசுமுன், ஈரக் குப்பைக்குத் தனி வண்டி தினமும் வருமா? வருமென்று எழுத்தில் வாங்கித் தந்தால், முதல் தராசை என் கடை வாசலிலேயே வைத்துக்கொள்கிறேன்.