அலைக்கும் ஒரு பாடு வேண்டும்

கரையோரக் கணக்கு – 14

விடுமுறை என்றால் சென்னைக்காரர்கள் தெற்கே போகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் காலையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, பணம் கட்டி, பலகையில் ஏறி அலைமேல் நிற்கக் கற்றுக்கொள்கிறார்கள். அலைச்சறுக்கு எனப்படும் சர்ஃபிங் இன்று தமிழகக் கரையில் வேரூன்றிவிட்ட ஒரு தொழில். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பே மாமல்லபுரத்தில் நடந்தது. இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் அதில் வெண்கலம் வென்றார். சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 55 கி.மீ. தொலைவில் இருக்கும் பழவேற்காட்டுக்கும் இதே வங்கக் கடல்தான். ஆனால் அந்தத் தொழில் அங்கே காலூன்றவில்லை. ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரம் தூர்ந்துபோவதால் அங்குள்ள மீனவர்கள் இழக்கும் வருமானத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். அதன் தொடர்ச்சியாக இந்த வாரம் ஒரே ஒரு கருத்தை முன்வைக்கிறேன். விடுமுறைக்கு வருபவருக்கு அலைச்சறுக்கு கற்றுத்தரும் வேலை பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு ஏற்ற வேலை. ஆனால் அது வெளியூர் முதலாளியின் கடையாக வரக் கூடாது. ஏரியில் மீன்பிடிக்க அந்த ஊர்கள் தலைமுறைகளாக வைத்திருக்கும் ‘பாடு’ முறையின் கீழ்தான் வர வேண்டும்.

முதல் பாடத்தில் என்னதான் நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பாதிப் பாடம் மணலிலேயே முடிந்துவிடும். எட்டு ஒன்பது அடி நீளமுள்ள மெத்தென்ற நுரைப்பலகையில் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். உடம்பு முன்னால் போய்விட்டால் பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தும். பின்னால் போய்விட்டால் அலை பலகையைத் தூக்காமல் அடியால் கடந்துவிடும். விலாவுக்குப் பக்கத்தில் கையூன்றி எழுவது, முழங்காலை மடக்கி நிற்பது, காலைப் பார்க்காமல் கரையைப் பார்ப்பது, விழும்போது தலைகுப்புறப் பாயாமல் தட்டையாக விழுவது எல்லாம் மணலிலேயே பழகியாக வேண்டும். பிறகு கணுக்காலையும் பலகையையும் ஒரு கயிற்றால் இணைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீருக்குப் போவார்கள். அங்கே கற்பவருக்கு வேலை குறைவு, கற்றுத்தருபவருக்குத்தான் அதிகம். அவர் பலகையின் வாலைப் பிடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு மூன்று அலைகளைப் போக விடுவார். தொலைவிலேயே உடைந்து நுரையாக வரும் ஓர் அலையைத் தேர்ந்தெடுத்து, அது பலகையைத் தொடும் கணத்தில் தள்ளிவிடுவார். முதல் நாளே ஒருவர் எழுந்து நின்றுவிடுகிறார் என்றால் அதில் பெரும் பங்கு அந்தத் தேர்வுக்கும் அந்தத் தள்ளலுக்கும் உரியது. அந்தப் பாடத்துக்குக் கொடுக்கும் பணம் பலகையின் வாடகைக்காக அல்ல. கடலைப் படிக்கத் தெரிந்த ஒரு ஜோடிக் கண்ணுக்காக.

அந்தக் கண் யாரிடம் இருக்கிறது? லைட் ஹவுஸ் குப்பத்திலோ வைரவன்குப்பத்திலோ ஒரு ஃபைபர் படகைக் கடலில் இறக்குவதைக் கவனித்தால் விடை கிடைத்துவிடும். பெரிய அலைகள் கூட்டமாக வந்து ஓய்ந்ததும் சிறிது நேரம் கடல் தணியும். அந்த இடைவெளிக்காகப் படகைப் பிடித்தபடி காத்திருந்து, அது வந்ததும் ஒரே மூச்சில் தள்ளி ஏறுவார்கள். சர்ஃபிங் ஆசிரியர் செய்வதும் இதே கணிப்புதான், திசை மட்டும் எதிர். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடலுக்குப் புதியவர் அலை உடையாத இடத்தைப் பார்த்து, அதுவே அமைதியான இடம் என்று நம்பி இறங்குகிறார். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவித்த தண்ணீர் பள்ளமான வழியொன்றைப் பிடித்துத் திரும்பிப் பாயும் இடம் பெரும்பாலும் அதுதான். பள்ளம் என்பதால்தான் அங்கே அலை உடைவதில்லை. கரையில் நிகழும் பல சாவுகளுக்கு இந்த ஏமாற்றமே காரணம். மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த இழுப்பு எங்கே இருக்கிறது, நேற்று இருந்த இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது கரையில் நின்ற நிலையிலேயே தெரியும். கோவளம் இதற்குக் கண்கூடான சான்று. அவ்வூர் மீனவர் மூர்த்தி மேகவன், தொழிலதிபர் அருண் வாசுவின் ஆதரவோடு 2012-இல் ‘கோவ்லாங் பாயின்ட்’ என்ற அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். மீனவ இளைஞர்களே அங்கே ஆசிரியர்கள் ஆனார்கள். கடலறிவுக்கு மீனைத் தவிர வேறொரு விலையும் உண்டு என்பதைத் தமிழகக் கரைக்கு அந்த ஊர் காட்டியது.

அறிவு மீனவருடையது என்பதாலேயே வருமானமும் அவருடையதாகிவிடாது. இதற்கு உலகின் முதல் சர்ஃபிங் சுற்றுலாத் தலங்களில் ஒன்றான வைக்கீக்கியைப் பார்க்க வேண்டும். ஹவாய்த் தீவுகளில் உள்ள அந்தக் கடற்கரையில் 1901-இல் மோவானா ஹோட்டல் திறக்கப்பட்டது. 1927-இல் ராயல் ஹவாயன் ஹோட்டல் வந்தது. விருந்தினர்களுக்கு அலைமேல் நிற்கக் கற்றுக்கொடுத்தவர்கள் ‘பீச் பாய்ஸ்’ என்று அழைக்கப்பட்ட உள்ளூர் இளைஞர்கள். உலகப் புகழ் பெற்ற நீச்சல் வீரர் டியூக் கஹானமோக்கு அந்தக் கரையில் வளர்ந்தவர். ஆனால் அதே ஆண்டுகளில்தான் அலா வாய் கால்வாய் வெட்டப்பட்டு, வைக்கீக்கியின் சதுப்பு நிலமும் சேப்பங்கிழங்கு வயல்களும் மீன் வளர்த்த குளங்களும் வற்றவைக்கப்பட்டு, கட்டடம் எழுப்பும் மனைகளாக மாறின. கற்றுத்தரும் கை உள்ளூர்க்காரருடையதாகவே இருந்தது. நிலமும் லாபமும் கைமாறிப்போயின. சர்ஃபிங் வந்ததால் ஹவாய் மக்கள் நிலத்தை இழந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அதை அவர்கள் நடத்திய முறையில் நிலத்தைக் காக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை என்கிறேன். பழவேற்காட்டில் அப்படியோர் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது.

பாடு என்பது ஏரியில் மீன்பிடிக்கும் முறைவரிசை. இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டிச் சிலவே இருக்கின்றன. எல்லோரும் ஒரே நாளில் வலைகட்டினால் யாருக்கும் மிஞ்சாது. ஆகவே எந்த நாளில் எந்த ஊர், ஊருக்குள் எந்தக் குழு, எந்த இடம் என்பதைக் கூடிப் பேசியும் சீட்டுப் போட்டும் முடிவு செய்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம் கிடைக்கும்; சுற்று முடியும்போது கணக்கு சமமாகிவிடும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் போன்ற ஊர்கள் இதை நடத்திவருவதை மீன்வள ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். இது ஏரிக்கான விதி, கடல் எல்லோருக்கும் பொது என்பது உண்மை. ஆனால் கற்கத் தோதான அலையின் தன்மை ஏரி இறாலின் தன்மைதான். மணல்திட்டு சரியாக அமைந்த இடங்கள் கரையில் சிலவே. அவையும் பருவத்துக்குப் பருவம் நகரும். ஓரிடத்தில் பலகைகள் குவிந்தால் ஒன்றோடொன்று மோதிக் காயம்தான் மிஞ்சும். நல்ல இடம் குறைவு, அது நிலையாக இருப்பதும் இல்லை, நெரிசல் எல்லோரையும் கெடுக்கும் என்ற மூன்று நிலைமைகளும் சேர்ந்த இடத்தில் உரிமத்தை ஏலம் விட்டால் பணமுள்ளவர் ஒருவர் கைக்குப் போகும். முறைவைத்துப் பகிர்ந்தால் பல குடும்பங்களுக்குப் போகும். இந்த வாரம் இந்த ஊர், இன்று இந்தக் குழு, ஒரு குழுவுக்கு இத்தனை பலகைக்கு மேல் இல்லை, கட்டணத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொதுவுக்கு என்று எழுதிவைப்பது இவர்களுக்குப் புதிய பாடமே அல்ல.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, உயிர் சம்பந்தப்பட்டது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் பயணிகள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. இவ்வளவு நடந்த ஊரில் பயணிகளை மறுபடி தண்ணீரில் இறக்குவதா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சாவுகளை மறந்துவிட்டு இங்கே எந்தத் திட்டமும் போடக் கூடாது. ஆனால் தடை எதைத் தடுத்தது என்று பார்க்க வேண்டும். அது படகை நிறுத்தியது. கடற்கரைக்கு வருபவரை நிறுத்தவில்லை. விடுமுறை நாள்களில் அவர் யாருடைய கண்காணிப்பும் இல்லாமல் தனக்குத் தோன்றிய இடத்தில் இறங்குகிறார். படகுச் சவாரியில் நீந்தத் தெரியாதவரையும் ஆழத்துக்குக் கொண்டுபோகிறோம். முதல் பாடத்தில் கால் தரையில் படும் ஆழத்தைத் தாண்டுவதில்லை. மிதக்கும் பலகை காலோடு கட்டியிருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் நிற்கிறார். ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே நிபந்தனைகள் கறாராக இருக்க வேண்டும். ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரத்தின் பக்கமே பாடம் கூடாது; நீரோட்டம் அங்கே வேளைக்கு வேளை மாறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பலகையைத் தொடக் கூடாது. நீர்மீட்புப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர் கற்றுத்தரக் கூடாது. சர்வதேச சர்ஃபிங் சங்கம் பயிற்றுநர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. அந்தப் பயிற்சியைக் குப்பத்து இளைஞர்களுக்கு அரசு தன் செலவில் கொடுத்தால், பலகை ஓடாத நேரத்திலும் அந்தக் கரைக்கு உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள்.

இரண்டாவது மறுப்பு பாடு முறையைப் பற்றியது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். அதனாலேயே அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். பாடு உரிமை பட்டினவர் சமூகத்து ஆண்களிடம் இருக்கிறது. ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கும், மற்ற சமூகங்களைச் சேர்ந்த மீன்பிடிப்போருக்கும் அதில் இடமில்லை. இதனால் சண்டைகளும் வழக்குகளும் வந்திருக்கின்றன. பெண்களுக்கும் உரிமையில்லை. இப்படிப்பட்ட ஒன்றைப் புதிய தொழிலுக்கு மாதிரியாக்கலாமா? முறைவைத்துப் பகிரும் விதியை எடுத்துக்கொள்ளலாம், யாருக்கு உரிமை என்ற பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதே என் பதில். அலைக்கு இதுவரை எந்தப் பட்டியலும் இல்லை. முதன்முதலாக எழுதும்போதே அகலமாக எழுதலாம். பெண்கள் இதைச் செய்ய முடியுமா என்று ஐயப்படுவோர் இலங்கையின் கிழக்குக் கரையைப் பார்க்கட்டும். அறுகம் குடாவில் உள்ளூர்ப் பெண்கள், ஊராரின் எதிர்ப்பையும் தாண்டி, 2018-இல் அந்நாட்டின் முதல் பெண்கள் சர்ஃபிங் சங்கத்தைத் தொடங்கினார்கள். தமிழகத்துக் குடும்பங்கள் தங்கள் பெண் பிள்ளைகளை ஒரு பெண் ஆசிரியரிடம்தான் தயக்கமின்றி விடும். ஆக, பெண்களைச் சேர்ப்பது நியாயம் மட்டுமல்ல, தொழிலுக்கும் தேவை.

மூன்றாவது மறுப்பை மீனவர்களே எழுப்புவார்கள். கரை அவர்களுக்கு வேலை செய்யும் இடம். படகை ஏற்றுவதும் வலையைக் காயவைப்பதும் மீனைக் கொட்டி ஏலம் விடுவதும் அங்கேதான். சர்ஃபிங்குக்கு ஏற்ற நேரம் கடற்காற்று எழுவதற்கு முந்தைய காலை. படகுகள் கரைக்கு வருவதும் அதே காலையில்தான். இந்த மோதல் உண்மையானது. ஊர் பஞ்சாயத்து இடம் ஒதுக்கினால் மட்டுமே தீரும். வெளியூர் நிறுவனம் நடத்தினால், பணம் கட்டிய வாடிக்கையாளருக்காக வலையை அள்ளச் சொல்லும். ஊரே நடத்தினால் படகு வரும்போது பலகை ஒதுங்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே வீட்டின் வருமானம். ஆண்டுக் கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வேறு துறைமுகங்களில் விசைப்படகுகளில் வேலைக்குப் போகும் குப்பத்து இளைஞர்கள் அப்போது ஊரில் சும்மா இருக்கிறார்கள். பள்ளிகளின் கோடை விடுமுறையும் அந்தக் காலத்தில்தான் வருகிறது. ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால் அங்கே புதிதாக எதையும் நுழைக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பலகைக்கு எஞ்சின் வேண்டாம், படகுத்துறை வேண்டாம், கான்கிரீட் வேண்டாம். ஏரிக்குள் அது வர வேண்டிய அவசியமும் இல்லை.

கடைசி மறுப்பு கனமானது. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் கடலுக்குள் நீட்டியிருக்கும் அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுக்கின்றன. வடக்கே உள்ள கரை அரிக்கப்படுகிறது. இதை எதிர்த்து மீனவர்கள் போராடிக்கொண்டிருக்கும்போது சுற்றுலாவைப் பேசுவது கவனத்தைத் திருப்பாதா? பத்துப் பலகைகள் இறாலின் இழப்பை ஈடுகட்டிவிடும் என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன். துறைமுக விரிவாக்கத்துக்கு ஈடாக இதைக் கொடுப்பதாகச் சொன்னால் மீனவர்கள் மறுக்கத்தான் வேண்டும். ஆனால் அலை உடைவது மணல்திட்டில்தான். மணல் போனால் கற்கும் அலையும் போகும். ஆகவே மணலுக்காகப் போராட இந்தத் தொழில் இன்னொரு காரணத்தைத் தருமே தவிர இருக்கும் காரணத்தைக் குறைக்காது. விடுமுறைக்கு வந்து அந்த மணலில் படுத்துக் கற்றவர், கரை அரிப்பு என்ற செய்தியை அடுத்த முறை வேறு ஊர்ச் செய்தியாகப் படிக்க மாட்டார்.

சென்னையிலிருந்து வரும் பயணியின் பணம் ஒருநாள் பழவேற்காட்டைத் தேடி வரத்தான் போகிறது. தெற்கே கரை நிரம்பிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்பு செய்ய வேண்டியவை மூன்று. குப்பங்கள் ஒன்றுகூடி அலைக்கான பாடு முறையை எழுதி, இருளரையும் பெண்களையும் அதில் சேர்க்க வேண்டும். மீன்வளத் துறையும் சுற்றுலாத் துறையும் அந்த ஏற்பாட்டை ஏற்று, வெளியாருக்குத் தனி உரிமம் தருவதில்லை என்று அறிவிக்க வேண்டும். உயிர்காப்புப் பயிற்சி முடித்த முதல் குழு தயாராகும்வரை ஒரு பலகையும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இந்த வரிசை மாறினால், கடலைப் படிக்கத் தெரிந்தவர்கள் தங்கள் கரையிலேயே கூலிக்குப் பலகை தூக்குவார்கள். அதைத் தடுக்கும் விதி அவர்களிடமே இருக்கும்போது, அதைப் பயன்படுத்தாமல் விடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

(தொடரும்)