மந்திர் மார்க்கில் எழுந்த கேள்வி. காவிரிக் கரையில் தொடரும் விடை

புது தில்லி: நாடாளுமன்ற வளாகத்திலிருந்து சில கிலோ மீட்டர் தொலைவில் உள்ளது மந்திர் மார்க். ஆங்கிலேயர் ஆட்சியில் வைஸ்ராய் ரீடிங் பிரபுவின் பெயரால் ரீடிங் ரோடு என அழைக்கப்பட்ட சாலை இது. பிர்லா மந்திர் என்று அறியப்படும் லட்சுமி நாராயணர் ஆலயம், புத்த விகாரம், வங்காளிகளின் காளி பாரி, வால்மீகி ஆலயம் ஆகியவை இச்சாலையில் உள்ளன. இந்து மகாசபை பவன், கிறிஸ்தவ நிர்வாகத்தின் செயின்ட் தாமஸ் பள்ளி, தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஆகியவையும் இங்குதான் இருக்கின்றன.

பிர்லா மந்திரை 1939-ல் திறந்துவைத்த காந்தியடிகள், எல்லா சாதியினரையும் உள்ளே அனுமதிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரிலேயே அதற்கு இசைந்தார். 1946 ஏப்ரலுக்கும் 1947 ஜூனுக்கும் இடையே 214 நாள்கள் அவர் இதே சாலையில், துப்புரவுத் தொழிலாளர்களின் குடியிருப்பையொட்டிய வால்மீகி ஆலயத்தில் தங்கினார். அங்கே மாலைதோறும் பிரார்த்தனைக் கூட்டம் நடைபெற்றது. கீதையோடு குர்ஆன் வாசகமும் அதில் இடம்பெறும். பஞ்சாப் கலவரங்களால் தலைநகர் கொதித்துக் கொண்டிருந்த 1947 ஏப்ரல் தொடக்கத்தில், ஆலயத்தில் குர்ஆன் ஓதலாகாது என்று கூட்டத்திலிருந்து குரல் எழுந்தது. காந்தியடிகள் பிரார்த்தனையை நிறுத்திவிட்டார். எதிர்ப்பு அடங்கிய பின்னரே அது மீண்டும் முழுமையாக நடந்தது.

ஒரு சமயத்தின் வழிபாட்டில் மற்றொரு சமயத்தின் சொற்களுக்கு இடமுண்டா? அது மரியாதையா, ஊடுருவலா? மந்திர் மார்க்கில் எழுந்த இக்கேள்வியையே தன் அன்றாட வாழ்வாகக் கொண்ட ஒரு கத்தோலிக்க தியான நிலையம், இரண்டாயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால், தமிழகத்தின் குளித்தலை அருகே தண்ணீர்பள்ளியில் இருக்கிறது. சச்சிதானந்த ஆசிரமம் என்பது அதன் பெயர். சாந்திவனம் என்றால்தான் பலருக்கும் தெரியும்.

பிரெஞ்சுத் துறவிகளின் முயற்சி

1939-ல் இந்தியா வந்து திருச்சி மறைமாவட்டத்தின் கிராமப் பங்குகளில் பணியாற்றிய பிரெஞ்சு குருவானவர் ஜூல் மோன்ஷனென். 1948-ல் அவரோடு இணைந்தவர் பெனடிக்ட் சபைத் துறவி ஆன்றி லெ சோ. 1949 ஜனவரியில் இருவரும் திருவண்ணாமலை சென்று ரமண மகரிஷியைத் தரிசித்தனர். அந்தச் சந்திப்பு லெ சோவின் வாழ்க்கைப் பாதையையே மாற்றியது.

1950 மார்ச் 21-ஆம் தேதி, காவிரிக் கரைத் தோப்பில் இருவரும் ஆசிரமத்தைத் தொடங்கினர். காவி உடுத்தினர்; சைவ உணவை மேற்கொண்டனர். மோன்ஷனென் 'பரம அரூபி ஆனந்தம்' என்றும், லெ சோ 'அபிஷிக்தானந்தர்' என்றும் பெயர் சூடிக்கொண்டனர். சத்து, சித்து, ஆனந்தம் என்ற வேதாந்தச் சொற்களில் தங்கள் சமயத்தின் மூவொரு கடவுள் கோட்பாட்டின் சாயலைக் கண்டதால் ஆசிரமத்துக்கு அப்பெயரை இட்டனர்.

தமிழகத்துக்கு இது முற்றிலும் புதிதன்று. 1606-ல் மதுரைக்கு வந்து, 'தத்துவ போதகர்' எனப் பெயர் பெற்ற இராபர்ட் டி நொபிலி சந்நியாசிக் கோலம் பூண்டவர். 1921-ல் திருப்பத்தூரில் புராட்டஸ்டண்ட் பிரிவினர் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர்.

மோன்ஷனென் 1957-ல் பாரிஸில் காலமானார். அபிஷிக்தானந்தர் 1968-ல் இமயமலை அடிவாரத்துக்குச் சென்றுவிட்டார்; 1973-ல் இந்தூரில் மறைந்தார். பதினெட்டு ஆண்டுகளில் சாந்திவனத்தில் நிலையான துறவுக் குழு உருவாகவில்லை. 1968-ல் கேரளத்தின் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து வந்து பொறுப்பேற்ற ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் காலத்தில்தான் அது வேரூன்றியது. ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற அவர், 1993-ல் இறக்கும் வரை இங்கேயே வாழ்ந்தார். 1980-களின் தொடக்கத்தில் ஆசிரமம் பெனடிக்ட் மரபைச் சேர்ந்த கமல்டோலி சபையுடன் இணைந்தது.

அன்றாட வாழ்வும் பணியும்

சூரிய உதயத்திலும் அஸ்தமனத்திலும் தியானம், காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை பொது வழிபாடு, நாள்தோறும் திருப்பலி. ஆசிரமத்தின் நாள் இந்த ஒழுங்கில் நகர்கிறது. வழிபாட்டில் விவிலியத்தோடு உபநிடதங்கள், கீதை, தமிழ் பக்தி நூல்கள் ஆகியவற்றிலிருந்தும் வாசகங்கள் இடம்பெறும். காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு வழங்கப்படும். தீப ஆராதனையும் உண்டு. துறவிகளும் விருந்தினரும் தரையில் அமர்ந்தே உண்கின்றனர்.

தங்க வருவோரின் சமயம் கேட்கப்படுவதில்லை. விருந்தோம்பலே ஆசிரமத்தின் முதல் பணி. மாடுகளும் தென்னையும் பராமரிக்கப்படுகின்றன. சுற்றுவட்டார ஏழைக் குழந்தைகளின் கல்விக்கும், ஆதரவற்ற முதியோரின் பராமரிப்புக்கும் உதவி செய்யப்படுகிறது. பெண் துறவியருக்காக அருகிலேயே ஆனந்த ஆசிரமம் ஏற்பட்டது.

இவற்றுக்குத் திருச்சபையின் ஒப்புதல் ஒரே நாளில் கிடைக்கவில்லை. பிற சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமுமானவற்றை மறுக்கவில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் அறிவித்தது. அதன்பின் 1969-ல், திருப்பலியில் தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், ஆரத்தி, தூபம் உள்ளிட்ட 12 மாற்றங்களுக்கு இந்திய ஆயர்கள் கேட்ட அனுமதியை ரோம் வழங்கியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே சாந்திவனம் செல்லத் தொடங்கிய பாதை அது.

மும்முனை எதிர்ப்பு

சாந்திவனத்தை எதிர்த்தோர் மூன்று தரப்பினர். முதலாவது தரப்பின் குரல் தில்லியிலிருந்தே ஒலித்தது. தலைநகரில் 'வாய்ஸ் ஆஃப் இந்தியா' பதிப்பகத்தை நடத்திய சீதாராம் கோயல், 1988-ல் கத்தோலிக்க ஆசிரமங்கள் பற்றித் தனி நூலே வெளியிட்டார். காவியும் ஓங்காரமும் மதமாற்றத்துக்கான மாறுவேடம் என்பது அவரது வாதம். பீட் கிரிஃபித்ஸ் இதை மறுத்தார்.

இரண்டாவது தரப்பு கத்தோலிக்கர்களுக்குள்ளேயே இருந்தது. திருநீறும் குங்குமமும் திருச்சபையை இந்துமயமாக்கும் செயல் என்று பொதுநிலையினர் சிலர் போர்க்கொடி தூக்கினர். வெளிநாட்டவர் நாடிவந்த அளவுக்கு உள்ளூர்ப் பங்கு மக்கள் ஆசிரமத்துக்கு வரவில்லை என்பதும் மறைக்க முடியாத உண்மை.

மூன்றாவது எதிர்ப்பே ஆழமானது. அது தலித் கிறிஸ்தவச் சிந்தனையாளர்களிடமிருந்து வந்தது. 'இந்தியப் பண்பாடு' என்ற பெயரில் வேதமும் வேதாந்தமும் ஆலயத்துக்குள் வருகின்றன. அந்த நூல்களின் அருகில்கூட எங்கள் முன்னோர் அனுமதிக்கப்படவில்லையே, எங்கள் பறைக்கும் பாட்டுக்கும் எங்கே இடம் என்பது அவர்களது கேள்வி. தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையினர் தலித்துகள். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிச் சுவர் எழுப்பப்பட்ட ஊர்கள் உண்டு. அந்நிலையில் இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

நாடாளுமன்றத்தில் எதிரொலி

இந்த மூன்று வாதங்களும் வேறு வடிவில் நாடாளுமன்றத்தையும் எட்டியவை. சமயத்தைப் பரப்பும் உரிமை குறித்து 1948 டிசம்பர் 6-ல் அரசியல் நிர்ணய சபையில் காரசாரமான விவாதம் நடந்தது. சென்னை மாகாணத்தைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி அந்த உரிமையை ஆதரித்தார். சுமார் 14 ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்த தம்மை மதம் மாற்ற எவரும் முயலவில்லை என்று அவர் அவையில் எடுத்துரைத்தார். சென்னை லயோலா கல்லூரி முதல்வராக இருந்த ஏசு சபைக் குரு ஜெரோம் டிசூசாவும் அந்த அவையின் உறுப்பினர்.

மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் தனிநபர் மசோதாக்கள் 1954, 1960, 1978 ஆகிய ஆண்டுகளில் மக்களவைக்கு வந்தன. எதுவும் சட்டமாகவில்லை. பரப்பும் உரிமையில் மதமாற்றும் உரிமை அடங்காது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் 2002-ல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் திரும்பப் பெறப்பட்டது.

தலித் கிறிஸ்தவர்களின் கோரிக்கையும் நீண்ட வரலாறு கொண்டது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, தாழ்த்தப்பட்டோர் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வழங்கியது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் அளித்த அறிக்கையில், சமயத்தின் அடிப்படையிலான இந்த வரம்பை நீக்கப் பரிந்துரைத்தது. 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. தலித் கிறிஸ்தவர்களுக்கு இத்தகுதியை வழங்கக் கோரி 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. சாந்திவனம் தொடங்கியதும், இந்த ஆணை பிறந்ததும் ஒரே ஆண்டில்தான்.

நிறுவனர் எதிர்பார்த்ததைப் போல ஆசிரமம் பெரும் துறவற இயக்கமாக வளரவில்லை. அதன் குழு சிறியது. ஆனால் வந்தவரை வரவேற்று, வேதமும் விவிலியமும் ஓதி, யாரையும் மதம் மாறச் சொல்லாமல் அனுப்பும் நடைமுறையே மாறுவேடம் என்ற குற்றச்சாட்டுக்கு அது அளித்துவரும் விடை. சாதி பற்றிய குற்றச்சாட்டுக்கு இந்த விடை போதாது. அதற்குத் திருச்சபை முழுவதும் பதில் சொல்லியாக வேண்டும்.

மந்திர் மார்க் வால்மீகி ஆலயத்தில் காந்தியடிகள் தங்கிய அறை இன்றும் பேணப்படுகிறது. எல்லா சமய வாசகங்களும் ஒலித்த அந்தப் பிரார்த்தனைக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் துப்புரவுத் தொழிலாளர்களின் குடியிருப்பு. சமயங்களின் சந்திப்பைப் பற்றிப் பேசும் ஆசிரமங்களும் அவைகளும் அந்த இடத் தேர்வை நினைவில் கொள்வது நலம்.