வயலிலிருந்து வீடு வரை – 11: ஒரே கப்பலில் மாவும் பாலிடாலும்

காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களையும் எண்டோசல்பானையும் போன வாரமே பார்த்துவிட்டோம். இந்த வாரம் நம் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலத்தில் இன்று அடுக்கு மாடிகள் எழுகின்றன. கரையான் வராமலிருக்க அஸ்திவாரத்தில் ஊற்றுகிற குளோர்பைரிபாஸ் பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. அந்த மருந்துக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தைப் புரட்டினேன். அது பிறந்த கதை தெரிந்த பிறகு, அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

1958 ஏப்ரல், மே மாதங்கள். கேரளத்திலும் அன்றைய மதராஸ் மாநிலத்திலும் சாப்பிட்டவர்கள் சாப்பிட்ட கையோடு சுருண்டு விழுந்தார்கள். நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். காலராவோ கெட்டுப்போன உணவோ காரணமில்லை. கோதுமை மாவில் பாரத்தியான் கலந்திருந்தது. நம் ஊர்க்காரர்களுக்குப் பாலிடால் என்றால்தான் தெரியும். உணவுப் பொருளும் இந்த மருந்தும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு வந்தன. வழியில் மருந்து ஒழுகி உணவில் இறங்கியது. செத்தவர்களில் பலர் பூச்சி மருந்து அடிப்பதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பாரத்தியானை உருவாக்கியவர் ஜெர்மானிய வேதியியலாளர் கெர்ஹார்ட் ஷ்ராடர். பூச்சிகளைக் கொல்ல வழி தேடிக்கொண்டிருந்த இவருடைய ஆய்வில்தான் 1936-இல் தாபுன், 1938-இல் சாரின் என்ற போர் நச்சுகள் பிறந்தன. பாரத்தியான் அவற்றுக்குப் பின்னால் வந்த தம்பி. மூன்றும் செய்கிற வேலை ஒன்றே. நரம்பு ஒரு கட்டளையை அனுப்பியதும் அதை நிறுத்தி வைக்க உடலில் ஒரு நொதி உண்டு. இந்த நஞ்சு அந்த நொதியை முடக்கிவிடும். கட்டளை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். வாயில் எச்சில் வழியும், உடம்பு வியர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசைகள் துடிக்கும், கடைசியில் மூச்சு நிற்கும். வெட்டுக்கிளிக்கும் மனிதனுக்கும் இதில் வேறுபாடு கிடையாது.

இந்தச் சாவுகளை விசாரிக்க மத்திய அரசு அமைத்த ஆணையத்தின் தலைவர் நீதிபதி ஜே.சி. ஷா. நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை 1977-இல் விசாரித்த அதே ஷாதான். ஆணையம் விசாரித்து, பிறகு நிபுணர் குழு கூடி, 1968-இல் சட்டம் வந்தது. 1971-இல் விதிகள் வந்தன. உணவுப் பொருளோடு படும்படி பூச்சிக்கொல்லியை ஏற்றிச் செல்லக் கூடாது, சேர்த்து வைக்கக் கூடாது என்கின்றன விதிகள். காலி டப்பாவை யாரும் மறுபடி எடுத்துப் புழங்காதபடி உடைத்துப் புதைக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் 1958-இன் பிணங்கள் இருக்கின்றன.

இத்தனைக்குப் பிறகும், 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. பூச்சி மருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை ஊற்றி வைத்ததுதான் வினை. கப்பலில் நடந்தது சமையலறையில் நடந்தது, அவ்வளவுதான். பாரத்தியானின் உடன்பிறப்பான மெத்தில் பாரத்தியானை இந்தியா முழுமையாகத் தடை செய்தது 2018-இல். 1958-க்குப் பிறகு அறுபது ஆண்டுகள்!

இது கிராமத்துச் சங்கதி, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. நம் தெரு மளிகைக் கடைகளில் எலி மருந்துக்கும் எறும்பு சாக்பீஸுக்கும் பக்கத்திலேயே பிஸ்கட் அடுக்கியிருக்கிறது. சென்ற வாரம் ஒரு மாடித்தோட்டத்தில் தண்ணீர் பாட்டிலில் பால் நிறத்தில் ஏதோ பாதியளவு இருந்தது. “மாவுப்பூச்சிக்குப் பக்கத்து வீட்டு அக்கா கொஞ்சம் ஊத்திக் கொடுத்தாங்க” என்றார் வீட்டுக்கார அம்மா. என்ன மருந்து என்று அவருக்குத் தெரியவில்லை. அசல் புட்டியில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கொடிய விஷம். அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. முறிவு மருந்து என்ன என்பதும் லேபிளில் இருக்கும். பாட்டில் மாறியதும் இவை அத்தனையும் போய்விடுகின்றன. தாகத்தில் குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் டாக்டர் எதை வைத்து வைத்தியம் பார்ப்பார்?

வயலில் அடிக்கிற நஞ்சைப் பற்றி நிறையப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் இந்த நாட்டின் சட்டத்தையே பிறக்க வைத்த சாவுகள் வயலில் நடக்கவில்லை. நஞ்சும் சோறும் ஒரே இடத்தில் இருந்ததால் நடந்தன. அதை நிறுத்த விஞ்ஞானம் எதுவும் வேண்டாம்.

பூச்சி மருந்தை அசல் புட்டியிலிருந்து மாற்றாதீர்கள். யாருக்கும் ஊற்றிக் கொடுக்காதீர்கள். சமையலறைக்கு வெளியே, குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழைத்து, புட்டியையும் கையோடு கொண்டு போங்கள்.

அஸ்திவாரத்துக் கரையான் மருந்தும், அது நம் போர் தண்ணீருக்கு என்ன செய்யும் என்பதும் அடுத்த வாரம். அதற்குள் உங்கள் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.