எண்ணாமல் செல்லும் பணம்

மாதத்தின் முதல் வாரத்தில் சம்பளப் பணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, வாடகைக்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு, பள்ளிக் கட்டணத்துக்கு இவ்வளவு என்று தனித்தனி உறைகளில் இட்டுவைத்த பெற்றோரை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். மிஞ்சியது சமையலறை டப்பாவுக்குள் போகும். உறை நாளுக்கு நாள் மெலிவதைக் கண்ணால் காண முடிந்தது. இருபதாம் தேதிக்கு மேல் கை தானாகவே சுருங்கியது. தமிழில் ‘எண்ணுதல்’ என்ற சொல் கணக்கிடுவதையும் சிந்திப்பதையும் ஒருசேரக் குறிக்கிறது. அந்தத் தலைமுறைக்கு அவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே செயலாகவே இருந்தன.

இன்று காய்கறி வண்டியில் தொங்கும் அட்டையை நோக்கிக் கைப்பேசியை நீட்டுகிறோம். ரகசிய எண்ணை அழுத்துகிறோம். வியாபாரியின் பக்கத்திலிருக்கும் சிறு ஒலிபெருக்கி தொகையை அறிவிக்கிறது. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இந்த எளிமைக்குப் பின்னால் பல நாடுகளின் உழைப்பு இருக்கிறது. அட்டையிலுள்ள கறுப்பு வெள்ளைக் கட்டங்களான க்யூஆர் குறியீட்டை 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹரா தலைமையிலான குழு உருவாக்கியது. வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண்பதே அதன் அன்றைய நோக்கம். 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டில் ஏடிஎம் இயந்திரம் ஒன்று முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பணம் வழங்கியது. அதை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்த ஜான் ஷெப்பர்ட் பாரன், நம் நாட்டின் ஷில்லாங்கில் பிறந்தவர். இந்தியாவின் முதல் ஏடிஎம் 1987-இல் மும்பையில் திறக்கப்பட்டது.

2016 ஏப்ரலில் தேசியக் கொடுப்பனவுக் கழகம் யூபிஐ முறையை அறிமுகப்படுத்தியது. அனுப்புபவரின் வங்கியையும் பெறுபவரின் வங்கியையும் அக்கழகத்தின் இணைப்பகம் நொடிகளில் இணைக்கிறது. நாம் அழுத்தும் ரகசிய எண் மறையாக்கப்பட்டு, நம் வங்கியால் மட்டுமே சரிபார்க்கப்படுகிறது. கடைக்காரருக்கோ பணம் பெறுபவருக்கோ அது சென்று சேர்வதில்லை. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தின் யூபிஐ பரிவர்த்தனைகள் முதன்முறையாக 1,000 கோடியைக் கடந்தன.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. வெளிமாநிலத்தில் கட்டட வேலை செய்யும் தொழிலாளி, அன்று மாலையே ஊரிலுள்ள தாய்க்குப் பணம் அனுப்ப முடிகிறது. சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் வாங்கிக்கொள்ளும் நிலை ஏறக்குறைய மறைந்துவிட்டது. எந்தக் கணக்கேட்டிலும் இடம்பெறாதிருந்த தெருவோர வியாபாரியின் அன்றாட வருமானம் வங்கிக் கணக்கில் பதிவாகி, நாளை அவர் கடன் கேட்கும்போது சான்றாக நிற்கிறது.

ஆயினும், பணத்தின் வடிவம் மாறும்போது அதைப் பற்றிய நம் மனநிலையும் மாறுகிறது. அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் ஆகியோர் 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். விளையாட்டுப் போட்டி நுழைவுச்சீட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டபோது, கடன் அட்டையால் செலுத்தலாம் எனச் சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகத் தர வேண்டியவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு தொகை கேட்டனர். இருதரப்புக்கும் பொருள் ஒன்றுதான். செலுத்தும் முறை மட்டுமே வேறு. நோட்டைக் கையிலிருந்து பிரிக்கும்போது மனம் ஒரு கணம் தயங்குகிறது. அத்தயக்கமே முன்பு நமக்குக் காவலாக இருந்தது.

அக்காவல் தளர்ந்திருப்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர்கள் மோசடிக்காரர்கள். காவல்துறை அதிகாரி போலக் காணொலியில் தோன்றி, “உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்” என்று மிரட்டுகிறார்கள். யாரிடமும் பேசக் கூடாது என்று தடுத்து, ஓய்வுபெற்றவர் ஒருவரின் வாழ்நாள் சேமிப்பைச் சில மணி நேரத்தில் பறித்துவிடுகிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் ‘டிஜிட்டல் கைது’ என்று எதுவும் இல்லை. அத்தகைய அழைப்பு வந்தால் உடனே துண்டித்துவிட்டு வீட்டிலுள்ள ஒருவரிடம் சொல்ல வேண்டும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துவிட்டு, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறும் முன் அதை நிறுத்திவைக்கும் வாய்ப்பு, நாம் எவ்வளவு விரைவாகச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மற்றோர் இழப்பும் உண்டு; அதை எந்தப் புகார் எண்ணிலும் பதிவு செய்ய முடியாது. ஒருகாலத்தில் வீட்டு வரவுசெலவு முழுவதையும் விரல்நுனியில் வைத்திருந்த அம்மா, இன்று மருந்துக் கடையில் பேரனிடம் கைப்பேசியை நீட்டி, “நீயே போட்டுவிடு” என்கிறார். ரகசிய எண்ணையும் கடைக்காரர் காதில் விழும்படி சொல்லிவிடுகிறார். அவர் பறிகொடுப்பது பணத்தை மட்டுமன்று. தன் பணத்தைத் தானே ஆளும் மதிப்பையும்தான். அவருக்குக் கற்றுத்தர நமக்குத் தேவைப்படுவது ஓரிரு மாலை நேரங்களும் கொஞ்சம் பொறுமையும் மட்டுமே. பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை என்பதை முதல் பாடமாக வைத்துக்கொள்ளலாம். பத்து ரூபாயை மகளுக்கு அனுப்பி, மகளிடமிருந்து திரும்பப் பெற்றுப் பழகினாலே பாதி அச்சம் நீங்கிவிடும்.

பழைய உறைகளையும் புதிய வடிவில் மீட்டுக்கொள்ள முடியும். அன்றாடச் செலவுக்கெனச் சிறு தொகையுடன் தனிக்கணக்கு ஒன்றை வைத்து, யூபிஐயை அதனுடன் மட்டும் இணைக்கலாம். சம்பளம் வந்த மறுநாளே தொடர் வைப்புக்குப் பணம் தானாகச் செல்லும்படி ஏற்பாடு செய்யலாம். செயலியில் நாள் வரம்பைத் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.

இவற்றோடு, வாரத்தில் ஒருநாள் குடும்பத்தோடு அமர்ந்து கணக்கு விவரத்தை வரிவரியாகப் படிப்போம். இது எதற்குச் செலவானது, இது தேவைதானா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். அம்மாவையும் அருகில் அமர்த்திக்கொள்வோம். உறைகளில் பணம் பிரித்த அனுபவம் அவருக்கே உண்டு.